வீழ்ந்த காட்டெருது

ஈப்போவுக்குத் தென்மேற்கே அமைந்த லகாட், ஈயத்தால் வளர்ந்த ஊர். 1985இல் உலக ஈயச் சந்தை சரிந்தபோது வீழ்ச்சி யாதென்பதைக் கிந்தா பள்ளத்தாக்கு முழுவதுமே கண்டறிந்தது. அம்மண்ணுக்குரிய பேராக் காற்பந்து அணியின் வரலாற்றிலும் அத்தகையதொரு சரிவு உண்டு.

1921இல் தோன்றிய அவ்வணி, 1926இல் மலாயாக் கிண்ணத்தை முதன்முறை வென்றது. 1970க்குப் பின் மலேசியக் கிண்ணம் மீண்டும் கைக்கு எட்ட 28 ஆண்டுகள் ஆயின. அதுவேனும் பொறுக்கத்தக்க வறட்சி; களத்தில் போராட்டம் இருந்தது. 2018 இறுதியாட்டத்தில் திரெங்கானுவுடன் 3-3 எனச் சமநிலை கண்டு, பெனால்டி உதைகளில் 4-1 என வென்று, எட்டாம் முறையாகக் கிண்ணத்தை ஏந்தியது ‘செலாடாங்’. காட்டெருதைக் குறிக்கும் அம்மலாய்ச் சொல்லே அணியின் பட்டப்பெயர்.

அதன்பின் மூன்றே ஆண்டுகள்! நூற்றாண்டு கொண்டாட வேண்டிய 2021இல் ஊதியம் நிலுவையில் நின்றது; ஆட்டக்காரர்கள் விலகினர். 2004இல் சூப்பர் லீக் தொடங்கிய நாள்முதல் இடையறாது ஆடிவந்த அணி, பன்னிரண்டு அணிகளுள் பதினோராம் இடம்பெற்றுப் பிரிமியர் லீக்குக்கு இறங்கியது. எதிரணியின் கால்களைவிடத் தன் கணக்கேடே அதனை மிகுதியும் தோற்கடித்தது எனலாம்.

2023இல் மீண்டும் மேலேறியதும் ஆட்ட வலிமையால் அன்று. பிரிமியர் லீக் கைவிடப்பட்டுச் சூப்பர் லீக் விரிவுபெற்றதால் கிட்டிய இடம் அது. கடன்சுமை மட்டும் நீங்கவில்லை. 2025இல் அணி சூப்பர் லீக்கிலிருந்தே விலகியது. அடுத்த பருவத்தின் புள்ளிப் பட்டியலில் பேராக்கின் பெயர் கடைசி வரியிலும் இல்லை.