கினெக்ட்

கினெக்ட், மனித உடலசைவை உடனுக்குடன் அடையாளம் காணும் உணர்கருவி. எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுக் கருவிக்காக மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இதை 2010 நவம்பரில் வெளியிட்டது. கையில் எதையும் பிடிக்காமல், உடலில் குறிகள் ஒட்டாமல், ஆடுபவரின் அசைவையே கட்டளையாக ஏற்றது இதன் பெருஞ்சிறப்பு.

செயல்முறை: கருவி அகச்சிவப்புப் புள்ளிகளை அறையெங்கும் வீசும். பொருள்கள்மேல் விழும் புள்ளிகள் எவ்வளவு இடம்பெயர்கின்றன என்பதைக் கொண்டு தொலைவு கணிக்கப்படும். இத்தொழில்நுட்பம் இஸ்ரேலின் பிரைம்சென்ஸ் நிறுவனத்துடையது. இவ்வாறு, தொலைவைக் காட்டும் ஆழப்படங்கள் நொடிக்கு 30 கிடைக்கும்.

ஆழப்படத்திலிருந்து உடலைப் பிரித்தறியும் முறையை ஜேமி ஷாட்டனும் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்களும் 2011இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். உடலின்மேல் உள்ள ஒவ்வொரு படப்புள்ளியையும் 31 உடற்பகுதிகளில் ஒன்றாக ‘முடிவு மரங்கள்’ எனும் கணிமுறை வகைப்படுத்தும்; அதிலிருந்து மூட்டுகளின் முப்பரிமாண இடம் கணிக்கப்படும். பலவகை உடல்வாகுகளைக் கணினியில் உருவாக்கி இம்மரங்களுக்குப் பயிற்சி அளித்தனர். ஒவ்வொரு படமும் தனித்தே ஆராயப்படுவதால், ஒரு படத்தில் நேரும் பிழை அடுத்ததில் தொடராது.

வரம்புகள்: நேரடி வெயிலில் அகச்சிவப்புப் புள்ளிகள் மங்கிவிடும், ஒருவர் மற்றவரை மறைத்தாலும் கணிப்பு தடுமாறும்.

பிற்கால வளர்ச்சி: 2013இல் வந்த இரண்டாம் பதிப்பு, ஒளி சென்று திரும்பும் நேரத்தை அளந்து, ஒரே வேளையில் ஆறு பேரைப் பின்தொடர்ந்தது. உற்பத்தி 2017இல் நின்றது. உடலியக்க மருத்துவம், ரோபோ ஆய்வு ஆகிய துறைகளுக்கு, குறைந்த விலையில் ஆழம் காணும் கண்ணைத் தந்தது கினெக்ட்டின் நிலையான பங்களிப்பு.