முதியோரின் இடுப்பு முறிவு: ஒரு சமூகவரலாற்று நோக்கு

மருத்துவ வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளர் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. முதியோரின் தொடையென்புக் கழுத்து முறிவினை நோக்குமிடத்து இவ்வணுகுமுறையின் போதாமை புலனாகும்.

மூட்டுறையினுள் நிகழும் இம்முறிவு பொதுவாகப் பொருந்துவதில்லை என 1822இல் இலண்டன் சத்திரவைத்தியர் ஆஸ்ட்லி கூப்பர் எழுதினார். என்புத் தலைக்குச் செல்லும் இரத்தோட்டம் தடைப்படுவதே காரணம். முதியவர் படுக்கையிற் கிடந்தார். படுக்கைப் புண்ணும் நுரையீரல் அழற்சியும் தொடர்ந்தன. சாவுக்கு முதுமை என்று பெயர் சொல்லப்பட்டது.

1940இல் அமெரிக்கரான ஒஸ்ரின் மூர், ஹரல்ட் போல்மன் ஆகியோர் தொடையென்பின் மேற்பகுதியை உலோகத்தாற் பதிலீடு செய்தனர். அந்நோயாளிக்கு இருந்தது கட்டி, முறிவன்று. 1950களில் மூர் வடிவமைத்த, பந்துத் தலையுடைய உலோகத் தண்டே முறிவுற்ற முதியோர் பலரை எழுந்து நடக்க வைத்தது. கிண்ணம் பழையது, பந்து மட்டும் புதியது, இது அரைமாற்று. இரண்டையும் மாற்றும் முழுமாற்றினை, மூட்டுவாத நோயாளரை முதன்மையாகக் கொண்டு, 1962இல் ஜோன் சார்ன்லி நிலைபெறச் செய்தார். அவர் பணிபுரிந்த றைற்றிங்ரன், முன்னர் காசநோய் வைத்தியசாலையாக இருந்தமை மனங்கொள்ளத்தக்கது. காசநோய் குறைந்து காலியான அரசாங்கக் கட்டில்களிலேதான் புதிய சத்திரசிகிச்சை வளர்ந்தது. சார்ன்லியின் மேதைமையை நாம் மறுக்கவில்லை. அம்மேதைமைக்கும் கட்டில் வேண்டியிருந்தது.

இனி, அம்பிட்டியவுக்கு வருவோம். இதன் மேட்டு வீடுகளிலோ, கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களின் லயங்களிலோ கிழவியொருத்தி படியில் வழுக்கி விழுகிறாள் எனக் கொள்வோம். கண்டிப் பெரியாஸ்பத்திரியிற் கட்டணமில்லை. இலவச மருத்துவம் இந்நாட்டு மக்கள் பெற்ற பெரும்பேறு என்பதில் ஐயமில்லை. ஆயின் சரிவிலே அவளைச் சுமந்து இறக்குவதற்கு ஆள் வேண்டும். சுமப்பவர் அன்றைய நாட்கூலியை இழக்க வேண்டும். கொழுந்து பறித்து ஓய்ந்த உடலிலே தோட்டத்துக்கு விலைக்கு வாங்க உழைப்புச் சக்தி எதுவும் எஞ்சியில்லை. ஆதலால் அவளைத் தூக்கிச் செல்வது குடும்பத்தின் பொறுப்பாகவே விடப்படுகிறது. ‘நாளைக்குப் பார்ப்போம்’ என்பது இங்கு அலட்சியமன்று, கணக்கு.

முறிந்து ஓரிரு நாட்களுக்குள் சத்திரசிகிச்சை செய்யப்படாவிடின் உயிராபத்துக் கூடுகிறது. அரைமாற்றா முழுமாற்றா என்ற விவாதமோ இத்துணை முக்கியமன்று. 2019இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று, இரண்டாண்டு அளவில், மறுசத்திரசிகிச்சைத் தேவையில் இரண்டுக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை. எனவே எமது பிரச்சினை உலோகத்தின் உயர்வன்று, காலம்.

2022 மார்ச்சில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் மருந்து தட்டுப்பட்டு, பேராதனைப் போதனா வைத்தியசாலையில் முன்குறித்த சத்திரசிகிச்சைகள் நிறுத்தப்பட்டன. அவசரமானவை மட்டும் தொடருமென அறிவிக்கப்பட்டது. எண்பது வயதுக் கிழவியின் முறிந்த இடுப்பு இவ்விரண்டில் எதிலே சேரும்?