ஃபியட்டா, அம்பாஸடரா?

போன மாதம் திண்டுக்கல்லில் இருந்து அக்கா மகன் போன் செய்தான். பெரியப்பா மகள் வழி. என்னைவிட ஒன்றிரண்டு வயதுதான் சின்னவன் என்றாலும் முறைக்கு மருமகன். வாய் நிறைய ‘மாமா’ என்றுதான் கூப்பிடுவான்.

“மாமா, ஹோண்டா சிட்டியா, ஹூண்டாய் வெர்னாவா? ரெண்டு வாரமா தூக்கம் இல்ல. நீங்கதான் சொல்லணும்!”

நூல் வியாபாரம் செய்கிறவன். கணக்கில் கெட்டி. நீளம், அகலம், டிக்கி அளவு, மைலேஜ், இன்ஷூரன்ஸ் என்று நோட்டில் கோடு போட்டு இரண்டு பத்தியாக எழுதி வைத்திருந்தான். இந்தப் பத்திக்கும் அந்தப் பத்திக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. “அதான் மாமா பிரச்னையே! வித்தியாசம் இருந்தா சட்டுனு முடிவு பண்ணிடலாம்ல?”

எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் இதே ஊரில், இதே குடும்பத்தில், இவனுடைய தாத்தா – அதாவது என் பெரியப்பா – இதே கேள்வியோடு தூக்கம் இல்லாமல் புரண்டிருக்கிறார். ஃபியட்டா, அம்பாஸடரா? அந்தக் கதையைச் சொல்வதற்கு முன்னால், கார் என்றால் இந்த இரண்டுதான் என்ற நிலைமை நமக்கு எப்படி வந்தது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம்.

சுதந்திரம் வந்த சமயத்தில் நம் ரோடுகளில் விதவிதமான கார்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் இங்கேயே பட்டறை போட்டு, வெளிநாட்டில் இருந்து பெட்டி பெட்டியாக வந்து இறங்கும் பாகங்களைப் பூட்டி விற்றுக்கொண்டிருந்தன. 1953-ல் சுங்கவரிக் கமிஷன் ஒரு கிடுக்கிப்பிடி போட்டது. ‘சும்மா பூட்டி விற்கிற வேலை வேண்டாம். பாகங்களையும் இங்கேயே தயாரிக்கிற திட்டம் இருக்கிறவர்கள் இருக்கட்டும், மற்றவர்கள் கிளம்பலாம்!’ அமெரிக்கர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். இவ்வளவு சின்ன மார்க்கெட்டுக்குத் தொழிற்சாலை கட்டுப்படியாகாது. மூட்டை கட்டினார்கள்.

மிச்சம் இருந்தவர்களில் முக்கியமானவர்கள் இருவர். 1942-ல் பிர்லா குடும்பம் ஆரம்பித்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், கல்கத்தா பக்கம் உத்தரபாராவில். 1944-ல் வால்சந்த் ஹீராசந்த் ஆரம்பித்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், பம்பாய் குர்லாவில். முதல் கம்பெனி இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை வாங்கி 1957-ல் அதற்கு ‘அம்பாஸடர்’ என்று பெயர் வைத்தது. அடுத்தது இத்தாலியின் ஃபியட் 1100-ஐ 1954-லிருந்தே செய்யத் தொடங்கியது. 1974-ல் அதற்குப் ‘பத்மினி’ என்று பெண் பெயர் சூட்டினார்கள். பெயர் மாறியதை நம்மவர்கள் சட்டை செய்யவில்லை. கடைசி வரைக்கும் அது ஃபியட்தான்.

நமக்கென்றும் ஒன்று இருந்தது. வண்டலூர் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு. 1961-ல் அவர்கள் விட்ட ‘ஹெரால்டு’, பார்க்க ரொம்ப லட்சணமான கார். பானெட்டைத் திறந்தால் மட்கார்டு உள்பட மொத்த மூஞ்சியும் முன்னால் கவிழ்ந்து, இன்ஜின் முழுசாகக் கைக்கு எட்டும். ஆனால், ஆரம்பத்தில் அதற்கு இரண்டே கதவு. பட்டுப்புடவை கட்டிய பாட்டி முன்சீட்டை மடக்கிவிட்டுப் பின்சீட்டுக்குள் நுழைவதைக் கற்பனை செய்து பாருங்கள்! நாலு கதவு வைத்து விடுவதற்குள், குடும்பஸ்தர்கள் பலர் மனசை மாற்றிக்கொண்டிருந்தார்கள். 1988-ல் கம்பெனிக்கே பூட்டு விழுந்தது.

ஆக, ஊரில் மிஞ்சிய பட்டிமன்றம் இரண்டே அணி.

மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி. நாலு கதவு, ஸ்டீயரிங் தண்டோடு ஒட்டிய கியர், பெஞ்சு மாதிரி நீளமான முன்சீட். உள்ளே போனால்தான் வித்தியாசம். அம்பாஸடர் ஓரடிக்கு மேல் நீளம், 1489 சி.சி. ஃபியட் 1089 சி.சி. எடையும் குறைச்சல், பெட்ரோல் செலவும் குறைச்சல், ஸ்டீயரிங் லேசு. முன்னதில் டிரைவர் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார வேண்டும். பின்னதைத் தானே ஓட்ட வேண்டும். அதனாலேயே டாக்டர், வக்கீல் வீட்டு வாசலில் ஃபியட் நிற்கும். புகையிலை மண்டி, தோல் ஷாப்பு, பஞ்சு வியாபாரம் என்று இருக்கிற வீடுகளில் அம்பாஸடர். அதில் எட்டுப் பேரை ஏற்றலாம், டிக்கியில் இரண்டு மூட்டையும் போடலாம், கல்யாணத்துக்கு இரவலும் கொடுக்கலாம்.

திண்டுக்கல்காரர்களுக்குக் கூடுதலாக ஒரு கேள்வி உண்டு. ‘கொடைக்கானல் ஏறுமா?’ வத்தலக்குண்டு தாண்டி மலை ஏற ஆரம்பித்தால் வளைவுக்கு வளைவு முதல் கியர், இரண்டாவது கியர்தான். பாதி வழியில் ரேடியேட்டர் கொதிக்கும். நிறுத்தி, ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றி... இது இரண்டுக்கும் பொது. ஆனால், ஆள் நிறைய ஏற்றினால் அம்பாஸடர் முனகிக்கொண்டாவது ஏறிவிடும் என்பது அங்கே பரம்பரை நம்பிக்கை. அதைவிடப் பெரிய நம்பிக்கை, ரிப்பேர். ‘பூட்டுப் பட்டறைக்காரன்கூட அம்பாஸடரைச் சரி பண்ணிடுவான்’ என்பார்கள் எங்கள் ஊரில். திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறைக்கா பஞ்சம்!

சரி, எது பிடிக்கிறதோ அதை வாங்கிவிட வேண்டியதுதானே? அங்கேதான் இருக்கிறது விஷயம்.

1959-ல் மத்திய அரசு கார் விநியோகத்துக்கென்றே ஒரு கட்டுப்பாட்டு ஆணை போட்டது. டீலரிடம் முன்பணம் கட்டிப் பெயரைப் பதிய வேண்டும். பதிவேட்டு வரிசைப்படிதான் வண்டி. அரசாங்க ஒதுக்கீடு தனி. விலையையும் டெல்லிதான் சொல்லும். 1970 வாக்கில் புதுக் காரின் கட்டுப்பாட்டு விலை ஏறத்தாழ 15,000 ரூபாய்ப் பக்கம். ‘இந்த விலைக்கு எங்களால் முடியாது’ என்று கம்பெனிகள் சுப்ரீம் கோர்ட் வரை போய் வழக்காடியதெல்லாம் உண்டு.

தயாரிப்பு குறைவு, விலையோ கட்டிப்போட்ட விலை. என்ன ஆகும்? நான் பி.காம். முதலாம் ஆண்டில் தேய்மானம் என்று ஒரு பாடம் படித்தேன். கார் வாங்கிய நாளில் இருந்து வருஷா வருஷம் அதன் மதிப்பு குறையும் என்று புரொஃபஸர் போர்டில் போட்டுக் காட்டினார். பெரியப்பா காலத்தில் அந்தப் பாடம் செல்லாது. ஷோரூமில் இருந்து வெளியே வந்த மறுநிமிஷம் காரின் மதிப்பு ஏறும்! ஓட்டிய பழைய ஃபியட், புது ஃபியட்டைவிட அதிக விலைக்குப் போகும். காரணம் எளிது. பழசு இன்றைக்கே கிடைக்கும், புதுசு வரப் பல வருஷம் ஆகும். இரண்டில் ஃபியட்டுக்குத்தான் கியூ நீளம் என்பதால் அதற்கு மவுசும் அதிகம். இந்த வித்தியாசத்துக்கு ‘ஆன்’ என்று பெயர். மதுரையில் இதற்கென்றே புரோக்கர்கள் இருந்தார்கள். வாங்கிய காரைக் குறிப்பிட்ட காலத்துக்குள் விற்கக் கூடாது என்று சட்டம் இருந்தது. சட்டத்துக்குப் பக்கத்திலேயே சந்தும் இருந்தது.

கார் என்பது அன்றைக்கு எவ்வளவு பெரிய சமாசாரம் என்பதற்கு லால் பகதூர் சாஸ்திரியின் ஃபியட் சாட்சி. பிரதமராக இருந்தபோது குடும்பத்துக்காக ஒரு கார் வாங்க நினைத்தார். விலை 12,000 ரூபாய். பாங்கில் இருந்தது 7,000. மீதி 5,000 ரூபாய்க்கு பஞ்சாப் நேஷனல் பாங்கில் கடன் வாங்கினார். 1966 ஜனவரியில் தாஷ்கண்டில் அவர் இறந்தபோது கடன் பாக்கி இருந்தது. அவர் மனைவி லலிதா சாஸ்திரி தன் பென்ஷனில் இருந்து அதை அடைத்தார் என்று குடும்பத்தார் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கார் இப்போதும் டெல்லியில் அவருடைய நினைவில்லத்தில் நிற்கிறது.

பெரியப்பாவுக்குப் புகையிலை வியாபாரம். இரும்புப் பெட்டி வைத்த மண்டி. அவருடைய தோஸ்துகள் எல்லோரும் அம்பாஸடர். இவருக்கு மட்டும் ஃபியட் மேல் கண். தானே ஓட்ட வேண்டும் என்று ஆசை. முன்பணம் கட்டிவிட்டுக் காத்திருந்தார், காத்திருந்தார், காத்திருந்துகொண்டே இருந்தார்!

லெட்டர் வந்தது 1973 மே மாதம். திண்டுக்கல்காரர்களுக்கு மறக்க முடியாத மாதம். எம்.ஜி.ஆர். கட்சி ஆரம்பித்து முதன்முதலாகத் தேர்தலில் நின்று, மாயத்தேவர் இரட்டை இலையில் ஜெயித்த இடைத்தேர்தல். ஊர் முழுக்கக் கொடி, தோரணம், ஒலிபெருக்கி. எங்கள் வீட்டில் மட்டும் வேறு பேச்சு. பெரிய அக்காவுக்கு வரன் கூடி வந்திருந்தது. நகை பாக்கி. எப்படித்தான் மோப்பம் பிடித்தாரோ, லெட்டர் வந்த மூன்றாம் நாளே புரோக்கர் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

பெரியம்மா சொல்வார்: “உங்க பெரியப்பா அன்னிக்கு ராத்திரி சாப்பிடல. அந்த லெட்டரை மடிக்கிறாரு, பிரிக்கிறாரு, மடிக்கிறாரு. நான் ஒரு வார்த்தை பேசல.”

காலையில் புரோக்கருக்கு ஆள் அனுப்பினார். கார் அவர் பெயரில் வந்து, அவர் கை படாமலே வேறு யார் வீட்டுக்கோ போயிற்று. ‘ஆன்’ பணத்தில் அக்காவுக்கு நகை வந்தது, கல்யாணம் நடந்தது. இரண்டு வருஷம் கழித்து ஒரு பழைய அம்பாஸடர் வாங்கினார். அது எங்கள் குடும்பத்துக்கு உழைத்த உழைப்பைச் சும்மா சொல்லக் கூடாது. பழநிக்கு மொட்டை, மதுரைக்குப் பிரசவம், சின்னாளபட்டிக்குச் சுங்குடி எடுக்க... எல்லாம் அதில்தான். நான்கூட ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்தது அந்தப் பின்சீட்டில்தானாம். பெரியப்பா மட்டும் முன்சீட்டில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். எதிரே ஃபியட் வந்தால் கழுத்து தானாகத் திரும்பும்.

1983 டிசம்பரில் மாருதி வந்ததும் இரண்டு ராஜ்ஜியமும் ஆட்டம் கண்டது தெரிந்த கதை. பத்மினி 2000 வாக்கில் நின்றது. அதன் கடைசி டாக்ஸிகளும் 2023 அக்டோபரில் மும்பை ரோட்டை விட்டு இறங்கின. அம்பாஸடர் எண்பதுகளில் வருஷத்துக்கு 24,000 வரை விற்றது. கடைசி வருஷத்தில் இரண்டாயிரத்துச் சொச்சத்துக்கு வந்து, 2014 மே மாதம் உத்தரபாரா தொழிற்சாலை மூடப்பட்டது. பெயரை மட்டும் 2017-ல் 80 கோடி ரூபாய் கொடுத்து பிரான்ஸின் பீஜோ குழுமம் வாங்கிக்கொண்டது.

மருமகனுக்கு இதையெல்லாம் போனில் சொன்னேன். அவனுக்குப் பாதி தெரியாது. தன் அம்மா கழுத்து நகையில் ஒரு ஃபியட் இருக்கிறது என்பது சுத்தமாகத் தெரியாது. ரொம்ப நேரம் பேசவில்லை. “சரி மாமா, அம்மாச்சியையே கூட்டிட்டுப் போறேன்” என்று வைத்துவிட்டான்.

பெரியம்மாவுக்கு இப்போது தொண்ணூறைத் தொடும் வயது. கைத்தாங்கலாக இரண்டு ஷோரூமுக்கும் கூட்டிப் போயிருக்கிறான். இரண்டு காரிலும் ஏ.சி. போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். சீட்டைத் தடவிப் பார்த்தாராம், ஜன்னல் தானாக இறங்குவதைப் பார்த்தாராம். சேல்ஸ் பையன் பணிவாகக் கேட்டிருக்கிறான், “எது பாட்டி பிடிச்சிருக்கு?”

“ஏம்ப்பா, ஃபியட் இல்லையா?” என்றாராம் பெரியம்மா.