யந்திரராஜம்: சுல்தான் அவையில் ஒரு சமணத் துறவி எழுதிய கருவி நூல்

ஊரிலிருந்து உறவினர் தில்லிக்கு வந்தால் நாம் கூட்டிப் போகும் இடங்களில் ஜந்தர் மந்தரும் ஒன்று. ‘ஜெய்சிங் ராஜா கட்டினது’ என்று சொல்லி, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவோம். நானும் பல வருஷம் அப்படித்தான் இருந்தேன். 1724-இல் எழுந்த அந்தக் கட்டடங்களுக்கு 354 ஆண்டுகள் முன்பே, தில்லி சுல்தானின் அவையைச் சேர்ந்த ஒரு சமணத் துறவி, கையில் தூக்கிப் பார்க்கும் வானக் கருவி பற்றி வடமொழியில் நூல் எழுதினார் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

நூலின் பெயர் யந்திரராஜம். ‘கருவிகளின் அரசன்’ என்று பொருள். எழுதிய ஆண்டு 1370. ஆசிரியர் மகேந்திர சூரி. அவருடைய குரு பரூச் நகரத்து மதன சூரி. சுல்தான், பிரோஸ் ஷா துக்ளக் (1351–1388). கிரிக்கெட் மைதானத்தை ஒட்டி இடிந்து கிடக்கும் கோட்லா அவர் கட்டியதுதான்.

கருவி எது? அரபியர் அஸ்துர்லாப் என்றும் ஆங்கிலேயர் அஸ்ட்ரோலேப் என்றும் சொல்வது. வட்டமான பித்தளைக் கருவி. மேலே தொங்கவிட ஒரு வளையம். பின்புறம் சுழலும் சட்டத்தின் துளைகள் வழியே ஒரு நட்சத்திரத்தைப் பார்த்தால், அது எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறது என்று விளிம்பில் தெரியும். முன்புறம் வலை போன்ற ஒரு தகடு. அதன் முனை ஒவ்வொன்றும் ஒரு நட்சத்திரம். மகேந்திர சூரி 32 நட்சத்திரங்களுக்குக் கணக்குத் தருகிறார். வலைக்கு அடியில் அந்தந்த ஊரின் அட்சரேகைக்குக் கோடு கீறிய தட்டு. நட்சத்திர முனையை அளந்த உயரக் கோட்டில் பொருத்தினால் இரவில் மணி சொல்லலாம்.

நில அளவைக்கும் இது உதவும். சட்டம் 45 பாகை காட்டும் இடத்தில் சமதரையில் நின்றுகொள்ளுங்கள். அங்கிருந்து கோபுரத்தின் நடு அச்சு வரையுள்ள தூரத்தோடு நம் கண் உயரத்தைக் கூட்டினால் கோபுரத்தின் உயரம் வந்துவிடும். மேலே ஏற வேண்டியதே இல்லை.

என்னைக் கவர்ந்தது இன்னொன்று. இக்கலையில் யவனர்கள், அதாவது முஸ்லிம் அறிஞர்கள், தங்கள் மொழியில் பல நூல்கள் செய்திருக்கிறார்கள். அக்கடலைக் கடைந்த அமுதமே இது என்று ஆசிரியர் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். கடன் வாங்கியதை மறைக்கவில்லை. பிரோஸ் ஷா சமய விஷயத்தில் கண்டிப்பானவர். பிராமணர் மீதும் ஜிஸியா வரி போட்டவர். அவரே நகர்கோட்டில் கிடைத்த வடமொழி நூல்களைப் பாரசீகத்தில் பெயர்க்கச் செய்தார். அந்தக் காலத்திலும் அறிவு இரண்டு பக்கமும் போய் வந்திருக்கிறது.

மகேந்திர சூரியின் மாணவர் மலயேந்து சூரி உரை எழுதி, பல ஊர்களின் அட்சரேகைப் பட்டியலையும் சேர்த்தார். மூலமும் உரையும் 1936-இல் பம்பாயில் அச்சேறின. ஜந்தர் மந்தர் கட்டிய ஜெய்சிங்கும் இதே கருவியின் அமைப்பு பற்றி ஒரு நூல் செய்தவர்தான்.

அச்சு வருகிற வரைக்கும் நூலைக் காத்தது யார்? பார்த்துப் பார்த்து எழுதிய கைகளும், அதற்குக் காசு கொடுத்தவர்களும்தான். சமணர் சொல்லும் நால்வகைத் தானங்களில் சாத்திர தானமும் ஒன்று. மகேந்திர சூரி சுவேதாம்பரர். தமிழ்ச் சமணராகிய நாங்கள் திகம்பரர். ஆனாலும் இந்தத் தானம் இருவருக்கும் பொது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். நான் பாத்திர வியாபாரி. முப்பது வருஷத்துக்கு முன் பழைய பித்தளையோடு ஒரு வட்டத் தகடு கடைக்கு வந்தது. வளைவு வளைவாகக் கோடுகள், ஓரத்தில் எழுத்துகள். ஏதோ பூஜைத் தகடு என்று நினைத்து, எடை போட்டு, உருக்க அனுப்பிவிட்டேன். பிறகு இந்நூலைப் பற்றிப் படித்து, கருவியின் படத்தைப் பார்த்த அன்று இரவு தூக்கம் வரவில்லை. அது என்னவாக இருந்ததோ, இனி அறிய வழியில்லை.

அதனால்தான் கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் பழைய ஏடோ, புத்தகமோ, புரியாத கருவியோ இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீங்க. விஷயம் தெரிந்தவரிடம் ஒருமுறை காட்டுங்க. பிள்ளைகளுக்கு யந்திரராஜத்தையும் சொல்லிக் கொடுங்க. சென்னைக்கு 13 பாகைத் தட்டு. தில்லிக்குச் சுமார் 28½ பாகைத் தட்டு. ஊர் மாறினால் தட்டைத்தான் மாற்ற வேண்டும். மேலே இருக்கிற நட்சத்திர வலை ஒன்றேதான். ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு இது சுலபமாகப் புரியும்.