மீண்டும் எழுந்த போர்க்கால வண்டி

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் 1861ஆம் ஆண்டு துப்பாக்கி செய்வோர் ஒன்றுகூடித் தோற்றுவித்த நிறுவனம் பி.எஸ்.ஏ. ஆகும். அது 1937இல் வெளியிட்ட எம்20 மோட்டார் சைக்கிள், 496 சி.சி. கொள்ளளவுள்ள ஒற்றைச் சிலிண்டர் வண்டி. இரண்டாம் உலகப் போரின்போது ஏறத்தாழ 126,000 வண்டிகள் படைகளுக்கெனச் செய்யப்பட்டன. 1940 நவம்பர் 19 இரவு தொழிற்சாலையின்மீது குண்டு வீழ்ந்து 53 தொழிலாளர் மாண்டனர். அதன் பின்னரும் உற்பத்தி தொடர்ந்தது.

போர் முடிந்தபின் அவ்வண்டிகளுள் பல கொட்டகைகளில் முடங்கின. அவற்றை மீண்டும் ஓட்ட விழைவோர், எடுத்த எடுப்பில் உதைத்து முடுக்குதல் தகாது. நெடுநாள் நின்ற வண்டியில், தனித் தொட்டியிலுள்ள எண்ணெய் இயந்திரத்தின் அடிக்கூட்டில் கசிந்து தேங்கும். முதற்கண் அதனை வடித்தல் வேண்டும். பின்னர்ப் பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் சிறிது எண்ணெய் விட்டு, இறுகிய பிஸ்டன் இளகும்வரை பொறுத்திருத்தல் வேண்டும். பழைய பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரின் நுண்துளையை அடைத்திருக்கும். அதனையும் தூய்மை செய்தல் வேண்டும். பழைய டயர்களை மாற்றாது சாலையில் இறங்குதல் உயிருக்கே ஊறாகும். இவையெல்லாம் முடிந்து உதைத்தால், மேக்னெட்டோ தானே தீப்பொறி தருவதால், பேட்டரி இன்றியும் இயந்திரம் உயிர்பெறும்.

1973இல் பி.எஸ்.ஏ. பிற நிறுவனங்களுடன் இணைக்கப்பட்டுத் தன் தனிநிலையை இழந்தது. அதன் தொழிலறிவோ, பழைய வண்டிகளைச் செப்பனிடுவோர் கைகளில் இன்றும் வாழ்கின்றது. அக்கைகள் இளையோருக்குக் கற்பியாவிடின், எஞ்சிய வண்டிகள் காட்சிப்பொருளாய் நிற்கும், ஓடமாட்டா.