தென்காசிக் கோயிலும் பராக்கிரம பாண்டியன் வணக்கமும்

திரிகூட மலைக்கு அணித்தாய்ச் சிற்றாற்றின் கரைக்கண் அமைந்த தென்காசியைப் பாடல்பெற்ற தலமென மயங்குவாரும் உளர். அது பொருந்தாது. ஞானசம்பந்தப்பெருமான் அருளிய பதிகங்கள் இரண்டும் அயலதாகிய திருக்குற்றாலத்திற்கும் ஆண்டுள்ள குறும்பலாவிற்குமே உரியன. தென்காசி விசுவநாதர் கோயிலோ அரிகேசரி பராக்கிரம பாண்டியன் 1446-ஆம் ஆண்டில் எடுக்கத் தொடங்கியது. மதுரையை இழந்த பாண்டியர் மலையடிநாட்டைத் தமக்கு நிலைக்களமாகக் கொண்ட காலம் அது. ஆரியங்காவுக் கணவாய்வழிப் புகும் தென்மேல்காற்றின் சாரலும், சிற்றாறு விளைத்த நெல்லும், மலைநாட்டு வாணிகமும் அச்சிறு நாட்டைத் தாங்கின. நைடதம் பாடிய அதிவீரராமனும் அம்மரபினனே.

ஈண்டுக் கருதற்பாலது ஒன்று. இக்கோயில் பழுதுறுங்கால் அதனைப் புதுக்குவோர் எவராயினும் அவரைத் தான் அடிபணிவதாக அம்மன்னன் பாட்டிற் கூறிக் கல்லிலும் வெட்டுவித்தான். முடியுடை வேந்தன் முகமறியாதாரைப் பணிதல் என்னையெனின், அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரனெனவே கண்டு தொழுக என்னும் சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரக் கருத்தோடு அஃது இயைதல் காண்க. இதனை வெறும் உயர்வுநவிற்சி என்பார் கூற்று எமக்கு உடன்பாடன்று. புகழ் வேண்டினான் தன்னையன்றோ உயர்த்திப் பாடுவிப்பான்?

பிற்காலத்து அக்கோபுரம் சிதைவுற்றது. யாம் இளமையிற் கண்டது பிளவுண்ட மொட்டைக் கோபுரமே. 1990-ஆம் ஆண்டில் அது ஒன்பது நிலையொடு மீண்டும் எழுந்தது. வேந்தன் விடுத்த வணக்கம் ஐந்நூற்றாண்டு கழித்து உரியாரைச் சென்றடைந்தது. திருப்பணிக்குப் பொருளீந்தாருட் பலர் அதனை அறிந்திலர் போலும்.