வாளியில் சோதித்த வெள்ளம்

என் அலமாரியில் ஒரு தங்கப் பதக்கம் கிடக்கிறது. இறுதியாண்டில் நானும் இரண்டு நண்பர்களும் செய்த வெள்ள எச்சரிக்கைக் கருவிக்கு ஒரு புத்தாக்கப் போட்டியில் கொடுத்தது. அன்று அரங்கில் பாதிப் பேர் கழுத்தில் தங்கம்தான், அது வேறு கதை. வாளியில் தண்ணீர் ஊற்றினால் கருவி அலறும். நடுவர்கள் கைதட்டினார்கள். எந்த ஆற்றங்கரையிலும் அதை ஒருநாள்கூடப் பொருத்தவில்லை. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியபோது, அது பேட்டரி இல்லாமல் என் கட்டிலுக்கடியில் இருந்தது.

மாணவர்கள் செய்த பொருள் ஏதாவது உண்மையிலேயே ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே போயிருக்கிறதா என்று அதற்குப் பிறகுதான் தேட ஆரம்பித்தேன். அப்படிக் கிடைத்ததுதான் கியூப்சாட்டின் கதை.

ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் பாப் ட்விக்ஸுக்கு ஒரு தலைவலி இருந்தது. மாணவர்கள் செயற்கைக்கோளில் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போவார்கள். கோள் முடிவதற்குள் படிப்பு முடிந்துவிடும். 1998-இல் ஹவாயில் அமெரிக்க, ஜப்பானியப் பல்கலைக்கழகங்கள் கூடியபோது அவர் ஒரு யோசனை சொன்னார்: எல்லாவற்றையும் ஒரு குளிர்பானக் கேனுக்குள் அடக்குங்கள். அடுத்த ஆண்டு செப்டம்பரில், நெவாடாவின் பிளாக் ராக் பாலைவனத்தில், பொழுதுபோக்குக்காக ராக்கெட் விடுகிறவர்கள் அந்தக் கேன்களை ஏறக்குறைய 4 கிலோமீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். பாராசூட்டில் இறங்கி வருவதற்குள் கேன் பேசினால் உண்டு.

அதே 1999-இல் ட்விக்ஸும் கலிபோர்னியா பாலிடெக்னிக்கின் ஹோர்டி புய்க்-சுவாரியும் கியூப்சாட்டுக்கு அளவு குறித்தார்கள். பக்கத்துக்கு 10 சென்டிமீட்டர், எடை 1 கிலோ. பீனி பேபி பொம்மைகளை அடைத்து விற்கும் பிளாஸ்டிக் பெட்டியைக் கடையில் பார்த்துத்தான் ட்விக்ஸுக்கு அந்த அளவு தோன்றியது. இந்தப் பொம்மைக் கதையை எல்லோரும் ரசித்துச் சொல்கிறார்கள். ஆனால் பொறியாளனாக எனக்குப் பெரிதாகத் தெரிவது கோளைச் சுமந்து போகும் பெட்டிதான். மாணவர்கள் செய்த சாமானை ராக்கெட்டில் ஏற்ற யாருக்குத்தான் தைரியம் வரும்? அது உடைந்து பக்கத்தில் இருக்கும் விலையுயர்ந்த கோளைக் கெடுத்தால் யார் பதில் சொல்வது? அதற்காக ஸ்பிரிங் வைத்த, மூடி போட்ட ஓர் உலோகப் பெட்டியைப் பாலிடெக்னிக் மாணவர்கள் உருவாக்கினார்கள். உள்ளே என்ன ஆனாலும் வெளியே ஆபத்தில்லை. கதவைத் திறந்தது அந்தப் பெட்டி.

2003 ஜூன் 30. ரஷ்யாவின் பிளெசெட்ஸ்கிலிருந்து ரோகோட் ராக்கெட்டில் முதல் கியூப்சாட்டுகள் போயின. டோக்கியோ பல்கலைக்கழகத்தின் சை-4, சாதாரணச் சந்தைப் பாகங்களால் ஆனது. அமெச்சூர் வானொலி அலைவரிசையில் மோர்ஸ் சங்கேதம் அனுப்பியது, பூமியைப் படம் எடுத்தது, பத்து ஆண்டுகள் தாண்டியும் உயிரோடு இருந்தது. கூடவே போன டொரான்டோ மாணவர்களின் கான்எக்ஸ்-1, டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் டிடியூசாட், இரண்டும் பேசவே இல்லை. ஒரு சத்தமும் கிடையாது. ஆல்போர்க் மாணவர்களின் கோள் பலவீனமாக முனகியது. அங்கே வாளி இல்லை, பாருங்கள்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 2008 ஏப்ரல் 28 அன்று, பழவேற்காட்டு ஏரிக்கு அந்தப்பக்கம் இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி9 ஒரே தடவையில் 10 கோள்களைச் சுமந்து ஏறியது. அதில் டொரான்டோவின் கான்எக்ஸ்-2, ஆல்போர்க்கின் ஏஏயூசாட்-2 இரண்டும் இருந்தன. இந்த முறை இரண்டுமே பேசின.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு பெட்டி உண்டு. ஜப்பானின் கியூஷூ தொழில்நுட்பக் கழகத்தின் பேர்ட்ஸ்-2 திட்டத்தில் மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் செய்த யுஐடிஎம்சாட்-1. பூட்டான், பிலிப்பைன்ஸ் கோள்களோடு 2018 ஆகஸ்ட் 10-இல் அனைத்துலக விண்வெளி நிலையத்திலிருந்து அதை வெளியே விட்டார்கள். பூட்டானுக்கு அதுதான் முதல் செயற்கைக்கோள்.

போன மாதம் கட்டிலுக்கடியிலிருந்து எங்கள் கருவியை எடுத்தேன். "இன்னுமாடா இது இருக்கு?" என்றான் கூடச் செய்த நண்பன். புது பேட்டரி போட்டு, மாமா வீட்டுப் பின்னால் ஓடும் பெரிய கால்வாயின் பாலத்தில் கட்டினோம். மூன்றாவது மழையில் செத்துப்போனது. மூடியின் ஓரமாகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. ரப்பர் வளையம் வாங்கி வைத்திருக்கிறேன், இந்த ஞாயிறு மாற்ற வேண்டும்.